காலித் தோட்டாக் கூடுகளைத் தானே பிரிக்கும் வீட்டு இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது டெக்சாஸில், ஊருக்குச் சற்று வெளியே. துப்பாக்கி சுடும் பழக்கம் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உண்டு. சனிக்கிழமை தவறாமல் சுடுதளத்துக்குப் போவார், திரும்பும்போது ஒரு வாளி நிறையக் காலிக் கூடுகள் கொண்டுவருவார். பிறகு வாரம் முழுக்க மாலை வேளைகளில் கராஜில் விளக்கைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருப்பார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்து அவருக்குத் தெரிவதில்லை. "இதுக்கு ஒரு மிஷின் செய்துடலாமே" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். அந்த ஒரு சொல் ஒன்றரை வருடத்தை விழுங்கிவிட்டது.

அதன்பின் நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

கூடு என்று எதைச் சொல்கிறீர்கள்? சுட்டபின் அதை எதற்குப் பொறுக்க வேண்டும்?

ஒரு தோட்டாவில் நான்கு பாகம்: முன்னால் பறந்துபோகும் குண்டு, உள்ளே மருந்து, அடியில் பொறி தட்டும் சின்ன மூடியான பிரைமர், இவை மூன்றையும் பிடித்துவைத்திருக்கும் உலோகக் கூடு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கூடு மட்டும் துப்பாக்கியிலிருந்து தெறித்துக் கீழே விழும். பெரும்பாலும் அது பித்தளை: 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். நன்றாக வளைந்துகொடுக்கும் என்பதால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களில் பலர் கூட்டைச் சேர்த்துவைத்துத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். தோட்டாவின் விலையில் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிரப்பும் வேலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பிரிப்பது வரைதான் என் வேலை.

கலந்து இருந்தால் என்ன ஆகிவிடும்?

நிரப்பும் பிரெஸ்ஸில் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு இருக்கும். தப்பான கூடு போனால் நல்லபடியாக நடந்தால் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அச்சு உடையும். இதைவிட மோசம், சிக்காமல் போய்விடுவதுதான். .380, .45 என்பவை குண்டின் விட்டத்தை ஒட்டி அங்குலக் கணக்கில் வைத்த அளவுப் பெயர்கள், இந்த அளவைக் காலிபர் என்பார்கள். .380 கூடு 9 மி.மீ. கூட்டைவிடக் கொஞ்சம் குட்டை. 9 மி.மீ. அச்சுக்குள் அது சத்தமில்லாமல் நுழைந்துவிடும். கடைசியில் குண்டு பிடிப்பில்லாமல் ஆடும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு தலைவலி .45. இதில் ஒரே அளவுக் கூடு, ஆனால் இரண்டு அளவில் பிரைமர் வருகிறது: பெரியது 5.33 மி.மீ., சிறியது 4.45 மி.மீ. சிறிய ஓட்டையில் பெரிய பிரைமரை பிரெஸ் திணிக்கப் பார்க்கும். பிரைமர் அழுத்தத்தில் வெடிக்கும் சாமான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் இந்த ஒன்றுக்காகவே .45 கூடு ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்ப்பார்.

என்னென்ன அளவுகள் வருகின்றன?

அவருடைய வாளியில் பாதிக்கு மேல் 9 மி.மீ.தான். அடுத்து .45, .40, .223, கொஞ்சம் .380, .38 ஸ்பெஷல். இடையிடையே குப்பையாக .22. அந்த .22 கூட்டில் வெடிமருந்து விளிம்பிலேயே இருக்கும், தனி பிரைமர் கிடையாது. அதனால் அதை மறுபடி நிரப்பிப் பழக்கமில்லை.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அடி விளிம்பின் விட்டம்: .380-க்கு 9.5 மி.மீ., 9 மி.மீ. கூட்டுக்கு 9.96, .40-க்கு 10.8, .45-க்கு 12.2. நீளம் இதே வரிசையில் 17.3, 19.15, 21.6, 22.8. "9 மி.மீ." என்பது குண்டின் விட்டத்தை ஒட்டி வைத்த பெயர், கூட்டின் அடி கிட்டத்தட்ட 10 மி.மீ. இருக்கும். முதல் நாள் நான் 9 மி.மீ. துளை போட்டுவைத்து, ஒன்றும் விழவில்லையே என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் என்றால் கேமரா, செயற்கை நுண்ணறிவு எல்லாம் வேண்டுமா?

எல்லாரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். அதில் நான்கு மாதம் போனது. கேமரா அழகாகக் கண்டுபிடித்தது, ஆனால் கூட்டை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த என்னிடம் வழியில்லை. நானே விரலால் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, "அதுக்கு நான் கண்ணாலேயே பாத்துப் போட்டுடுவேனே" என்று தம் ஊர் ஆங்கிலத்தில் சொன்னார்.

காலிபர் வாரியாகப் பிரிக்க மின்சாரக் கண் எதுவும் வேண்டாம், விட்டமே போதும். கேமரா தேவைப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில், அதாவது ஒரே காலிபருக்குள் பிரைமர் அளவையும் தயாரிப்பாளரையும் பார்த்துப் பிரிப்பதற்கு. இந்த இரண்டையும் ஒரே இயந்திரத்தில் திணிக்காதீர்கள். என்னிடம் இப்போது இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றது ஓடும்.

கடையில் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு விற்கிறார்களே, அது போதாதா?

வாரம் ஒரு வாளி என்றால் தாராளமாகப் போதும். மூன்று தட்டு ஒன்றின்மேல் ஒன்று. மேல்தட்டில் .45 நிற்கும், அடுத்ததில் .40, அதற்கும் கீழே 9 மி.மீ., மிச்சமெல்லாம் அடியில். முறத்தில் புடைப்பதுபோல ஆட்டினால் சில நிமிடத்தில் ஒரு ஈடு முடிந்துவிடும். வீட்டிலேயே செய்வதானால் பிளவின் அகலத்தை இரண்டு அளவுகளுக்கும் நடுவில் வையுங்கள். .40-ஐயும் 9 மி.மீ.யையும் பிரிக்க 10.4, .45-ஐயும் .40-ஐயும் பிரிக்க 11.5.

எனக்கு இதுவே முதல் இயந்திரம். பழைய வாஷிங்மெஷின் மோட்டாரில் ஒரு பக்கம் எடை கட்டி அதிரவைத்தேன். சத்தத்துக்கு என் மனைவி கராஜ் கதவையே மூடச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் உருளைக்கு வந்தேன்.

உருளைப் பிரிப்பான் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வழவழப்பான எஃகுக் கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில், சரிவாக வைக்கிறோம். மேல்முனையில் இடைவெளி குறைவு, கீழ்முனையில் அதிகம். கூடு கம்பிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டே வரும். இடைவெளி தன் விட்டத்தைத் தாண்டும் இடத்தில் கீழே விழும். மெல்லியது முன்னால் விழும், பருத்தது பின்னால் விழும். அந்தந்த இடத்துக்குக் கீழே ஒரு டப்பா, அவ்வளவுதான்.

என்னுடையது 12 மி.மீ. தடிமன், 400 மி.மீ. நீளக் கம்பிகள். இடைவெளி மேலே 9.2 மி.மீ., கீழே 12.6. அதாவது 400 மி.மீ. தூரத்தில் 3.4 மி.மீ. விரிகிறது, 100 மி.மீ.க்கு 0.85. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் .380 கூடு மேல்முனையிலிருந்து 35 மி.மீ.யில் விழ வேண்டும், 9 மி.மீ. கூடு 89-இல், .40 கூடு 188-இல், .45 கூடு 353-இல். டப்பாக்களுக்கு நடுவே தடுப்புத் தகடுகளை இவற்றின் மத்தியில், 62, 139, 270 என்ற இடங்களில் வைத்தேன்.

இதில் முக்கியமானது, கம்பிகள் சுழல வேண்டும். இரண்டின் மேற்பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று வெளிப்புறமாக ஓடும்படி சுற்றவிடுங்கள். உட்புறமாகச் சுற்றினால் கூட்டைக் கரும்புபோல உள்ளே இழுத்து நசுக்கும். சுற்றாமலே விட்டால் ஓரளவு ஓடும், ஆனால் ஒரு அழுக்குக் கூடு நின்றால் அதற்குப் பின்னால் எல்லாம் வரிசைகட்டி நின்றுவிடும். 12 வோல்ட் கியர் மோட்டார் ஒன்றும் இரண்டு பல்சக்கரங்களும் போதும். சரிவு எனக்கு 12 டிகிரியில் சரியாக வந்தது.

இடைவெளியைச் சரிசெய்யும்போது அவசரம் கூடாது. 0.1 மி.மீ. என்பது ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். அந்த அளவு தள்ளிப்போனாலே கூடு விழும் இடம் 12 மி.மீ. நகர்ந்துவிடும். கம்பியைத் தாங்கும் முனைகளில் ஒன்றையாவது திருகால் நகர்த்தும்படி வையுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் தாங்கியை நம்பி இறுக்கி ஒட்டிவிட்டால் பிறகு அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

.380 கூடும் 9 மி.மீ. கூடும் கலந்தே விழுகின்றன. ஏன்?

விட்ட வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை, 0.46தான். சுட்ட கூடு அழுத்தத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும், தரையில் விழுந்து நெளிந்திருக்கும். உப்பிய .380-க்கும் உப்பாத 9 மி.மீ.க்கும் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும்.

இங்கே விட்டத்தை விட்டுவிட்டு நீளத்துக்குப் போங்கள். 17.3-க்கும் 19.15-க்கும் நடுவே கிட்டத்தட்ட 2 மி.மீ. கிடைக்கிறது. கூட்டை நிற்கவைத்து ஒரு தடுப்புக்குக் கீழே போகவிட்டால் குட்டை தப்பிப் போகும், நெட்டை முட்டிக்கொண்டு பக்கவாட்டில் தள்ளப்படும். சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) வேண்டாம், வளைத்த தகடு ஒன்று போதும். எப்போதாவது மக்காரோவ் என்ற ரஷ்யக் கைத்துப்பாக்கியின் கூடு வரும், நீளம் 18.1, சரியாக நடுவில். அதற்கு நான் வழி தேடவில்லை. ஆயிரத்தில் ஒன்றுகூட வருவதில்லை.

.223 கூட்டின் விளிம்பு 9.6 மி.மீ. என்பதால் அதுவும் இந்தப் பக்கமே விழப் பார்க்கும். ஆனால் நீளம் 45 மி.மீ. நெடுங்கூடுகளை உருளைக்குப் போடுமுன்பே கையால் எடுத்துவிடுவது நல்லது. ஒரு பார்வையில் தெரியும்.

ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு வருகிறதே?

ஆமாம், ரஷ்யப் பொம்மைபோல. .45 கூட்டுக்குள் .40, அதற்குள் 9 மி.மீ., அதற்குள் .22. நான்கும் ஒன்றாய்ச் சொருகிக்கொண்டு வந்ததை நானே எடுத்திருக்கிறேன். .40-இன் வாய் 10.16 மி.மீ. குண்டைப் பிடிக்கும் அளவு, 9 மி.மீ. கூட்டின் அடி 9.96. நுழையாமல் என்ன செய்யும்!

இயந்திரம் வெளிக்கூட்டை மட்டுமே பார்க்கும். அதனால் அதைப் போடுமுன் வாளியை ஒரு பெரிய தட்டில் கொட்டி, வலைப்பைக்குள் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பெரும்பாலானவை கழன்றுவிடும். கழுவுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சொருகிய நிலையிலேயே கழுவினால் உள்ளே அழுக்குத் தண்ணீர் தங்கி, காய்ந்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு குறடுதான்.

சுடாத தோட்டா கலந்து வந்தால்?

வரும். வராது என்று நினைக்காதீர்கள். சுடுதளத்தில் வெடிக்காமல் போனதையும், துப்பாக்கியிலிருந்து எடுத்துக் கீழே போட்டதையும் சேர்த்தே வாரிக்கொண்டு வருகிறோம். ஒன்றரை வருடத்தில் இப்படி ஒன்பது எடுத்திருக்கிறோம்.

விட்டம் பார்க்கும் எந்த இயந்திரமும் இதைப் பிடிக்காது. சுடாத 9 மி.மீ. தோட்டாவும் காலிக் கூடும் உருளைக்கு ஒன்றுதான், ஒரே இடத்தில் விழும். நீளத்தில் பிடிக்கலாம்: தோட்டாவாக இருக்கும்போது கிட்டத்தட்ட 29 மி.மீ., காலியாக 19. எடையிலும் பிடிக்கலாம்: காலி 4 கிராம், முழுத் தோட்டா 12 கிராம் அளவில். என் இயந்திரத்தில் நீளத் தடுப்பு இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி நான் எதையும் விடுவதில்லை. முதலில் தட்டில் பரப்பிக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போடுவேன். இந்த ஒரு வேலையை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. குறிப்பாக .22. அதன் விளிம்பு முழுக்க வெடிமருந்து, பல்சக்கரத்தில் கிள்ளினாலே போதும். எடுத்த தோட்டாவைப் பெரியவர் சுடுதளத்தில் அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

கூடுகளை ஒவ்வொன்றாக, ஒரே பக்கமாக எப்படி வரவைப்பது?

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். கேமரா, நிரல் எல்லாம் மிச்சக் கால்வாசி.

நான் வைத்திருப்பது சாய்ந்த தட்டு. ஒரு வாளியின் அடியில் வட்டத் தகடு மெதுவாகச் சுற்றும், ஓரத்தில் கூடு படுக்கும் அளவுக்குப் பள்ளங்கள். கீழே குவியலில் முழுகும்போது ஒவ்வொரு பள்ளமும் ஒரு கூட்டை அள்ளிக்கொண்டு மேலே வரும், இரண்டாவதாக ஒட்டிக்கொண்டது சரிந்து கீழே விழுந்துவிடும். சாய்வு 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கழியும். மேலே வந்ததும் ஒரு துளை வழியாகக் குழாய்க்குள் விழும்.

திசை மாற்ற ஒரு சின்ன உபாயம். கூட்டின் அடி கனம், வாய்ப்பக்கம் வெறும் சுவர். எடையின் மையம் அடிப்பக்கம் தள்ளி இருக்கும். படுத்து விழும் கூட்டின் சரிநடுவில் ஒரு ஊசிக்கம்பியை வைத்தால், எந்தப் பக்கமாக வந்தாலும் கனமான பக்கம்தான் முதலில் கவிழும். எல்லாக் கூடும் அடி கீழாக, வாய் மேலாகக் குழாயில் இறங்கும். இதைப் பார்த்த அன்று ஒரு மணி நேரம் வெறுமனே கூடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன்.

சத்தத்துக்கு, வாளியின் உட்சுவரில் பழைய மவுஸ் பேடை வெட்டி ஒட்டினேன். பாதி குறைந்தது.

கேமராப் பெட்டியில் சக்கரம் எத்தனை பள்ளத்தோடு இருக்க வேண்டும்?

குழாயில் இறங்கும் கூட்டை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வாங்கிக் கேமராவுக்கு முன்னால் கொண்டுபோவது இந்தச் சக்கரம்தான். 8 அல்லது 10 பள்ளம் போதும். தயவுசெய்து 12 வேண்டாம்.

சக்கரத்தைச் சுற்றுவது படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண நீமா 17 அளவு மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி. அதை ஓட்டும் டிரைவர் பலகையில் ஒவ்வொரு படியையும் 16-ஆக உடைத்தால் 3200. எட்டுப் பள்ளம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 400, பத்து என்றால் 320, மிச்சமில்லை. 12 என்றால் 266.67. நிரலில் நான் 266 என்று எழுதிவிட்டேன். முக்கால் படிகூட இல்லையே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு நகர்வுக்கும் அந்த மூன்றில் இரண்டு பங்குப் படி சேர்ந்துகொண்டே போனது. 400 கூடு தாண்டும்போது சரியாக ஒரு பள்ளம் முழுக்கத் தள்ளிவிட்டது. இடையில் கொஞ்ச நேரம் சக்கரம் பாதிப் பள்ளத்தில் நின்று கூட்டைக் கடித்தது. அதையும் தாண்டி ஓடியபின் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றியது, ஆனால் ஒவ்வொரு கூடும் பக்கத்து டப்பாவில். மாலை முழுக்க கேமரா நிரலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தமும் எதிரே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் தன் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: சக்கரத்தைப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் காரில் விட்டுவிட்டேன். டெக்சாஸ் ஆகஸ்ட் மாத வெயில். 60 டிகிரியை ஒட்டியே அந்தப் பிளாஸ்டிக் இளகிவிடும். எடுத்துப் பார்த்தபோது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இரண்டாவதை இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன்.

கேமரா எங்கே வைப்பது? பித்தளை பளபளக்கிறதே?

கூடு அடி கீழாக நிற்கிறது, எழுத்து இருப்பதும் அடியில். அதனால் கேமரா கீழிருந்து மேலே பார்க்கிறது, நடுவில் கண்ணாடி. அக்ரிலிக் போட்டேன், ஒரே வாரத்தில் கீறல் விழுந்து மங்கிவிட்டது. இப்போது மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு. கீறினால் உருவி எறிந்துவிட்டு அடுத்ததைச் சொருகுவேன். கூட்டின் புகைக்கரி படிந்துகொண்டே இருக்கும் என்பதால் 300 கூட்டுக்கு ஒருமுறை துடைக்கவும் வேண்டும்.

விளக்கு விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, வளைய விளக்கைக் கேமராவைச் சுற்றி நேராக வைப்பது. பித்தளையில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் தெரியும். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். தட்டையான பரப்பு ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் கறுப்பாகத் தெரியும். பொறித்த எழுத்தின் விளிம்பு மட்டும் மின்னும். அந்தி வெயிலில் கல்வெட்டு நன்றாகப் படிக்க வருமே, அதே சங்கதி.

.45 பிரைமர் பெரியதா சிறியதா என்று கண்டுபிடிக்க எவ்வளவு பயிற்சி கொடுக்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். இரண்டு வட்டம் கண்டுபிடித்தால் போதும்: வெளி விளிம்பு, பிரைமர். ஒன்றை மற்றதால் வகுங்கள். பெரிய பிரைமர் என்றால் 0.44 அளவில் வரும், சிறியது என்றால் 0.36. நடுவில் 0.40-இல் கோடு போட்டுவிடலாம். ஓப்பன் சி.வி. என்ற இலவசப் பட ஆய்வு நிரல் தொகுப்பில் வட்டம் தேடும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. நான் முழுசாய் நம்பும் பகுதி இது ஒன்றுதான். பெரியவருக்கு உண்மையில் வேண்டியிருந்ததும் இது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

அடியில் இருக்கும் எழுத்தைப் படிப்பது எதற்கு?

தயாரிப்பாளரும் அளவும் அங்கேதான் பொறித்திருக்கும். 'எஃப்.சி.' என்றால் ஃபெடரல், 'ஆர்-பி' என்றால் ரெமிங்டன், 'எல்.சி.' என்றால் மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸில் 1941 முதல் இருக்கும் லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலை. வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ அளவீட்டில் செய்தது. இப்படிப்பட்ட ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிலும் நசுக்கி இறுக்கியிருப்பார்கள். மறுபடி நிரப்புவதற்கு அந்த இறுக்கத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். தெரியாமல் கலந்துவிட்டால் பிரெஸ் நின்று நின்று ஓடும்.

துல்லியத்துக்காகச் சுடுகிறவர்கள் ஒரே தயாரிப்பாளரின் கூடுகளையே சேர்த்து வைப்பார்கள். சுவர்த் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். சில 9 மி.மீ. கூடுகளில் உள்ளே ஒரு படி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு என்பதால் நிரப்புகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து அதைத் தெரிந்துகொள்ள முத்திரை ஒன்றே வழி.

கூடு எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிற்குமே, எழுத்தை எப்படிப் படிக்கிறது?

எழுத்து வட்டமாக இருப்பதுதான் சிக்கல், அதையே வசதியாக மாற்றிக்கொள்ளலாம். நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அந்த வளையத்தை ஒரு இடத்தில் வெட்டி நேராக நீட்டிவிடுகிறோம். பிளாஸ்டிக் வளையலை வெட்டி நிமிர்த்தியதுபோல ஒரு நீளப் பட்டை கிடைக்கும். கூடு எவ்வளவு திரும்பியிருந்தாலும் பட்டையில் எழுத்து இடது வலமாக நகரும், அவ்வளவுதான். வெட்டிய இடத்தில் எழுத்து இரண்டாகப் பிளக்காமலிருக்க அதே பட்டையை இரண்டு முறை அடுத்தடுத்து ஒட்டிவைத்துக்கொள்வேன்.

அதன்பின் சின்ன நரம்பு வலையமைப்பு ஒன்று, அதாவது படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல். வகைக்கு 200 படம் எடுத்துப் பயிற்சி கொடுத்தேன். அதை ஓட்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி போதுமானதாக இருந்தது. எழுத்தை எழுத்தாகப் படிக்கவைக்க முயன்றீர்களானால் நேரம் வீணாகும். பாதி எழுத்து தேய்ந்திருக்கும். முழுப்பட்டையையும் ஒரு கோலம்போலப் பார்த்து 'இது இன்னாருடையது' என்று சொல்லவைப்பதே எளிது.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் லெகோ என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைச் சேர்ப்பவர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஜாக் மாத்தெய் என்ற நிரலாளர் டன் கணக்கில் லெகோ வாங்கிவிட்டு, அதைப் பிரிக்கக் கேமரா வைத்த இயந்திரம் கட்டி 2017-இல் எழுதினார். அதில் ஓடும் பட்டையிலிருந்து துண்டுகளைக் காற்றால் ஊதித் தள்ளுவார். நம் ஊர் அரிசி மூட்டையில் 'சார்ட்டெக்ஸ்' என்று போட்டிருக்குமே, அந்த ஆலை இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது: கேமரா பார்க்கும், கறுப்பு அரிசியைக் காற்று தட்டிவிடும். கூடு அரிசியைவிடக் கனம் என்பதால் நான் காற்றுக்குப் பதில் ஒரு சரிவுக்குழாயை சர்வோவால் திருப்புகிறேன்.

தப்பாகப் போட்டுவிட்டால்?

'தெரியாது' என்று ஒரு டப்பா கட்டாயம் வையுங்கள். என் நிரல் 90 சதவீதத்துக்குக் குறைவாக நம்பினால் கூடு அங்கே போய்விடும். முதலில் இந்த டப்பா வைக்கவில்லை. இருக்கும் பெயர்களில் எதையாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அது, தான் பார்த்தேயிராத செக் நாட்டுக் கூட்டையெல்லாம் ஃபெடரல் என்று அடித்துவிட்டது. பெரியவர் கையில் எடுத்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வரிசையாக அடுக்கிவைத்தார்.

இரும்புக் கூடு, அலுமினியக் கூடு?

இரும்புக்குக் காந்தம். சரிவுப்பாதையின் மேலே ஒரு பட்டைக் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் ஒட்டாது, நிக்கல் பூசிய பித்தளைபோல வெள்ளையாக வேறு இருக்கும். கேமரா ஏமாறும். எடைதான் காட்டிக்கொடுக்கும், பித்தளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அடர்த்தி. நெல் தூற்றுவதுபோல மின்விசிறி வைத்து ஊதிப் பார்த்தேன். அரைகுறை வெற்றி. கையால் கொட்டும்போது வரும் சத்தத்திலேயே பெரியவர் சொல்லிவிடுகிறார்.

என்ன செலவு? எவ்வளவு வேகம்?

உருளைப்பெட்டிக்கு 60 டாலருக்குள். கேமராப்பெட்டிக்குக் கணினியோடு சேர்த்து 200 டாலரை ஒட்டி. கெடுத்துத் தூக்கிப்போட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேமராப்பெட்டி நொடிக்கு ஒன்று பார்க்கும். கணக்குப்படி மணிக்கு 3600, நடைமுறையில் சிக்கல் எடுத்து, துடைத்து, 2500 ஓடினால் நல்ல நாள். ஒரு கிலோ 9 மி.மீ. கூட்டில் சுமார் 250 இருக்கும். அப்படியானால் மணிக்குப் பத்துக் கிலோ.

உடல்நலத்துக்குக் கேடு உண்டா?

உண்டு, ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்டபின் அதன் தூள் கூட்டில் ஒட்டியிருக்கும். கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். இயந்திரத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம். என் பெண்ணுக்கு ஆறு வயது, சக்கரம் சுற்றுவதைப் பார்க்க ஆசை. மூடி போட்டு, கராஜ் கதவுக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதைத் தமிழ்நாட்டில் செய்யலாமா?

வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கும். கூடு காலிதானே என்று காவல் நிலையத்தில் நின்று வாதாடும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. ஊருக்குப் போகும்போது நினைவுப்பொருளாக ஒன்றிரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பையின் மூலையில் தெரியாமல் கிடந்தாலும் தொல்லைதான். நான் பயணத்துக்கு முன் கராஜுக்குள் போன காலணியைக்கூட உதறிப் பார்க்கிறேன், அடித்தடத்தில் ஒருமுறை .22 கூடு சொருகியிருந்தது.

இயந்திரம் மட்டும் வேண்டுமென்றால் அதே உருளையைப் போல்ட்டு நட்டுக்கும் பாக்குக்கும் பயன்படுத்தலாம். இடைவெளி மட்டும்தான் மாறும்.

பெரியவர் இப்போது இதைப் பயன்படுத்துகிறாரா?

உருளையைத் தினமும். கேமராப்பெட்டியை .45-க்கு மட்டும். 'தெரியாது' டப்பா நிரம்பியதும் அதை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்துவிடுகிறார், ஒரு பூதக்கண்ணாடியோடு. போன வாரம் வாளியிலிருந்து ஒரு நெடுங்கூட்டை எடுத்து வந்து காட்டினார். 'எல்.சி. 67'. தாம் பட்டாளத்தில் சேர்ந்த வருடம் என்றார். அதை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.